தன் தப்பை மட்டும் சொன்னவர்

அவர் என் மேஜை முன்னால் வந்து நின்று, கழுத்துத் துண்டை எடுத்துக் கையில் சுற்றத் தொடங்கினால், அன்றைக்கு ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்று பொருள். மற்ற டிரைவர்கள் வண்டியை நிறுத்திச் சாவியை ஆணியில் மாட்டியதும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும் சாவியை மாட்டிவிட்டு என்னிடம் வருவார். நான் தலை நிமிரும் வரைக்கும் காத்திருப்பார்.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கண்ணா."

"பாலத்தாண்ட லெப்ட்ல ஒடிச்சேன். பக்கத்துல ஒரு ஸ்கூட்டி வந்துக்கினு இருந்துச்சு, நான் பாக்கவே இல்ல. அந்தப் பொண்ணு பிரேக் அடிச்சிட்டா."

"ஒண்ணும் ஆகலை இல்ல?"

"ஆவல சார். அது அந்தப் பொண்ணு பண்ண நல்லது. நான் பண்ணது தப்புதான?"

நான் அப்போது பென்னலூர்ப் பக்கம் ஒரு பஸ் கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் பொறுப்பில் இருந்தேன். ஒரகடத்தில் உள்ள ஒரு பெரிய தொழிற்சாலைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவது எங்கள் ஒப்பந்தம். இருபத்தைந்து வண்டிகள், முப்பது டிரைவர்கள், தகரக் கூரை போட்ட ஓர் அலுவலகம், சுற்றிலும் கருவேல முள். யார் எந்த வண்டியை எந்த ஷிப்டுக்கு எடுப்பது என்று டூட்டி சீட்டு எழுதுவது என் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலை. முப்பது பேருடைய தூக்கம் அந்தச் சீட்டில் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவருக்கு ஐம்பதை நெருங்கிய வயது. ஒல்லியான உடம்பு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங் முன்னால் உட்காருவார். பெடல் காலுக்குத் தெரிய வேண்டும் என்பார். வண்டியில் பாட்டுப் போட மாட்டார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி எங்கள் பஸ்ஸில் ஏறும் பையன்கள் அவரைச் சும்மா விட மாட்டார்கள்.

"இன்னாணா, பஸ்ஸா இல்ல சாவு வூடா? ஒரு பாட்டு கூட கெடையாதா?"

"சாவு வூட்லதான்டா மேளம் அடிப்பாங்க. இங்க கம்முனு போவலாம், குந்து."

டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் வாக்குமூலம். ஆக்சிடெண்ட் கேஸில் போலீஸ் ஸ்டேஷன் படியேறியவர்களுக்கு அந்தச் சொல் நன்றாகப் பழக்கம். "வாக்குமூலம் வண்டி வந்துடுச்சு, சார் பேப்பர எடுத்து வையுங்க" என்று ஏழுமலை கத்துவான். ஏழுமலை எங்கள் டிரைவர்களில் வாய் நீளமானவன். நல்ல டிரைவர், வண்டியை இடித்தால் அதைவிட நல்ல பொய் ஒன்று அவனிடம் தயாராக இருக்கும்.

தண்டலம் சிக்னலில் ஒருநாள் நடந்ததை அவனே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இவர் சிவப்பு விழுந்ததைக் கவனிக்காமல் தாண்டிவிட்டார். பின்னால் வந்த ஏழுமலையைத் தவிர யாரும் பார்க்கவில்லை. போலீஸ்காரர் அந்தப் பக்கம் திரும்பி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். இவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நடந்து போய், "சார், நான் செவப்புல வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யோவ், எனக்கு வேல இல்லன்னு நெனச்சியா? வண்டிய எடுத்துக்கினு கெளம்பு, டிராபிக் நிக்குது" என்று விரட்டிவிட்டார். டெப்போவுக்கு வந்ததும் இவர் அதை என்னிடமும் சொன்னார். நானும் போலீஸ்காரர் சொன்னதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னேன்.

இப்படிப்பட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தால் மற்றவர்களுக்குப் பயம் வரத்தான் செய்யும். தன்னைப் பற்றிச் சொல்பவன் நம்மைப் பற்றிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்தப் பயம் தேவையற்றது. ஒரு காலை டெப்போ கேட் தூண் சாய்ந்து கிடந்தது. பின்னால் எடுத்த வண்டி எதுவோ மோதியிருக்கிறது. அந்த நேரத்தில் இவர் எதிரிலேயே நின்று டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று வாட்ச்மேன் சொன்னார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன் சார்."

"யாரு?"

"அத்த அவருதான் வந்து சொல்லணும்."

"நீங்க சொன்னா என்ன?"

"என் வாயில என் தப்புதான் வரும் சார். அடுத்தவன் தப்பு அடுத்தவன் வாயில கீது. நான் எப்படி எடுக்கறது?"

மூன்றாம் நாள் ஏழுமலை வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "நான்தான் சார் தூண சாச்சது. அந்தாளு ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாரு. டெய்லி என்ன பாத்தா 'சாப்டியா'ன்னு கேக்கறாரு சார், தாங்க முடியல." நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஏழுமலை அவர் எதிரில் பொய் சொல்வதைக் குறைத்துக்கொண்டான். அவர் இல்லாத இடத்தில் பழையபடிதான்.

அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தபோது நடந்ததும் டெப்போவில் எல்லோருக்கும் தெரியும். வந்தவர்கள் காபி குடித்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, தேதி பேசுகிற நேரத்தில் இவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறார். "ஒண்ணு சொல்லணும் சம்மந்தி. நான் முன்னாடி நல்லா குடிப்பேன். விட்டு ஏழு வருசம் ஆவுது. திரும்பி வந்துடுமோன்னு எனக்கே பயம் கீது. நாளைக்கு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது." அவர் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி அந்தப் பக்கம் போனதாகக் காதில் விழுந்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லி, அதே தேதியை முடிவு செய்தார். கல்யாணம் நடந்தது. நாங்களும் போய்ச் சாப்பிட்டோம்.

எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனாலும் அவர் எதிரில் நிற்கிற நேரத்தில் எல்லாம் ஒரு கூச்சம் இருந்தது. தினமும் குளிக்கிறவன் பக்கத்தில் இரண்டு நாள் குளிக்காதவன் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

தொழிற்சாலையில் பாதுகாப்புக்கென்று ஒரு பெண் அதிகாரி இருந்தார். எல்லோருக்கும் அவர் மேடம். விபத்து நடந்த பிறகு விசாரிப்பதைவிட, நடக்க இருந்து நடக்காமல் போனவற்றைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. அதற்காகப் பச்சை அட்டைகள் அச்சடித்து, ஒரு பெட்டியும் கொடுத்து அனுப்பினார். மயிரிழையில் தப்பியது எதுவாக இருந்தாலும் டிரைவர்கள் அட்டையில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். முதல் மாதம் பெட்டியைத் திறந்தபோது உள்ளே நாலு அட்டைகள். ஒன்றில் 'சாலை நன்றாக உள்ளது' என்று எழுதியிருந்தது. மற்ற மூன்றும் அவருடையவை. அவருக்கு எழுத்து வேகமாக வராது. சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.

அந்த மூன்றும் ஒரே இடத்தைப் பற்றியவை. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில், நடுத்திட்டில் ஓர் இடைவெளி. ஓரத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். லாரிக்குப் பின்னாலிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்க வருகிறவர்கள் தலை நீட்டும் வரை தெரிய மாட்டார்கள். "மூணு வாட்டியும் நான்தான் சார் பாக்கல" என்றார். மேடம் அட்டைகளைப் படித்துவிட்டு நேரில் வந்து பார்த்தார். எங்கள் நிறுத்தத்தை முன்னால் தள்ளி வைத்தார்கள். லாரி நிறுத்தவும் தடை போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி அவர் வாக்குமூலம் கொடுக்கவே இல்லை. அவ்வளவு நாள் அவர் புலம்புகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அவர் தகவல் சொல்கிறார் என்று புரிந்தது.

புரிந்தும் பெரிதாகப் பயன்படவில்லை. எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. கேட் பக்கத்தில் ஒரு பெரிய போர்டு வைத்தார்: விபத்தில்லா நாட்கள். கீழே எண்ணை மாற்றிக்கொள்ளும்படி பலகைகள். இருநூறு நாள் ஆனால் எல்லோருக்கும் ஐந்து லிட்டர் குக்கர், தொழிற்சாலையின் பாராட்டு, அடுத்த ஒப்பந்தமும் நம் பக்கம். மேடம் கேட்டதற்கும் முதலாளி செய்ததற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் முதலாளியின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். விபத்தோ, தப்பியதோ, எதைப் பதிவு செய்தாலும் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆகவே எதையும் பதிவு செய்யாத நாள் பாதுகாப்பான நாள்.

ஒரே வாரத்தில் டெப்போவில் விபத்துகள் நின்றுவிட்டன. கண்ணாடி உடைந்தால் டிரைவர் தன் செலவில் மாற்றிக்கொண்டு வந்தார். தண்டலத்தில் ஒடுக்கெடுக்கும் கடைக்காரர் எங்கள் வண்டிகளின் வெள்ளைப் பெயிண்டை டப்பாவோடு தனியாக வாங்கி வைத்துக்கொண்டார். மாதக் கூட்டத்தில் முதலாளி பெருமையாகச் சொல்வார், நம் டிரைவர்கள் திருந்திவிட்டார்கள் என்று. இப்போது நான் வேறு ஒரு கம்பெனியில் இதே வேலையில் கொஞ்சம் பெரிய நாற்காலியில் இருக்கிறேன். இங்கே வண்டிக்குள் கேமரா இருக்கிறது. டிரைவர் கொட்டாவி விட்டால் கூவும். டிரைவர்கள் வாயைத் திறக்காமல் கொட்டாவி விடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போர்டு வந்த பிறகும் அவர் என் மேஜைக்கு வருவதை நிறுத்தவில்லை. நானும் முன்போலவே அட்டையை எடுத்து அவர் சொல்வதை எழுதினேன். ஆனால் பெட்டியில் போடவில்லை. என் டிராயரில் போட்டேன். முப்பது குடும்பத்தின் குக்கரை ஒரு ஆளின் மனசாட்சிக்காக உடைப்பதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நான் எழுதுவதைப் பார்த்ததும் அவர் திருப்தியாகப் போய்விடுவார். எங்கே போகிறது என்று கேட்டதில்லை.

எண் நூற்றுத் தொண்ணூற்றாறு வரை வந்தது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள். எல்லா வண்டிகளின் முகப்பிலும் வாழைக்கன்று வாடித் தொங்கியது, கண்ணாடியில் சந்தனம் காய்ந்திருந்தது. பூஜைக்கு ஊருக்குப் போன தென்பக்கத்து டிரைவர்கள் நாலு பேர் திரும்பி வரவில்லை. போன் எடுக்கவும் இல்லை. காலை எட்டு மணிக்கு அவர் முதல் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். முந்தின நாள் இரவிலிருந்து வண்டியில் இருந்தவர். வீட்டுக்குப் போக வேண்டிய நேரம்.

"அண்ணா, மத்தியானம் ரிட்டர்ன் டிரிப் ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி ஜெனரல் ஷிப்ட் டிரிப். ஆள் இல்ல" என்றேன்.

"சார், நான் ராவெல்லாம் தூங்கல. சொல்லிட்டேன்."

"தெரியும்ணா. இன்னைக்கு ஒரு நாள்தான்."

"நீங்க ஏத்துனா ஏறுவேன். ஆனா தூங்கலன்னு சொல்லிட்டேன்."

"டீ சாப்ட்டுட்டு எடுங்க" என்று நானே சாவியை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

இரவு ஓட்டியவரை அடுத்த நாள் பகலில் ஏற்றக் கூடாது என்பது தொழிற்சாலையின் கண்டிப்பான விதி. அதற்கும் எங்களிடம் வழி இருந்தது. அந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை, எனக்கு முன்னால் இருந்தவர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது. இரவு டூட்டியில் அவர் பெயரை எடுத்துவிட்டு, ஊருக்குப் போயிருந்த ஒருவரின் பெயரை எழுதினேன். ஆக, மதுரைப் பக்கம் மாமியார் வீட்டில் இருந்த ஒருவர் இரவு முழுக்க ஒரகடத்தில் பஸ் ஓட்டினார், இவர் வீட்டில் நன்றாகத் தூங்கினார் என்று காகிதம் சொன்னது.

மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தார். துண்டு ஏற்கெனவே கையில் சுற்றியிருந்தது.

"சார், கண்ணு மூடிட்டேன். முப்பத்தாறு பேரு வண்டில. எல்லாம் தூங்கிக்கினு இருந்தாங்க, கூட நானும் தூங்கிட்டேன். முன் டயரு நடுத்திட்டு மேல ஏறி எறங்குச்சு. அதுலதான் முழிச்சேன்."

"எவ்ளோ நேரம்?"

"தெரிஞ்சா அது தூக்கம் இல்லையே சார்."

வண்டியில் ஒரு கீறல் இல்லை. பயணிகளில் முழித்துக்கொண்ட ஒன்றிரண்டு பேர் ஸ்பீட் பிரேக்கர் என்று நினைத்து மறுபடி தூங்கிவிட்டார்கள். ஏறின இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் நிறுத்தத்தில் ஷிப்ட் முடிந்த பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள் என்று அவர்தான் சொன்னார்.

"இத்த எழுதி நீங்களே மேடம் கையில குடுங்க சார். பெட்டில போடாதீங்க, லேட் ஆவும்."

அட்டையை எடுத்தேன். அதில் ஒரு வரி: ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகப் பணியில் இருந்தார்? அதற்குக் கீழே, பணி ஒதுக்கியவர் கையொப்பம். பேனாவை மூடி வைத்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம், முதலில் போய்த் தூங்குங்கள் என்றேன்.

விஷயம் டீக்கடைக்கு எப்படியோ போய்விட்டது. ஏழுமலையும் ஏழெட்டுப் பேரும் அவரைக் கேட்டிலேயே மடக்கினார்கள்.

"அண்ணாத்த, இன்னும் நாலே நாளு. அது வரைக்கும் வாய மூடிக்கினு இருக்க மாட்டியா? ஒரு கீறல் கூட இல்லன்ற. யாருக்கு இன்னா நஷ்டம்?"

"உங்கள நான் ஒண்ணும் சொல்லலயேப்பா."

"நீ சொன்னா போர்டு போவுதுல்ல? என் பொண்டாட்டி குக்கருக்கு எடம் ஒழிச்சு வெச்சிக்கினு கீறா."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நாலு நாள்ல இன்னொருத்தன் அதே மாதிரி தூங்குனா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை வந்ததும், மேடம் என்ன சொன்னார் என்று கேட்டார். இன்னும் பார்க்கவில்லை என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றைக்கு மத்தியானம் தொழிற்சாலை வாசலில் ஆட்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு, அவர் வண்டியை எடுக்காமல் எழுந்து அவர்கள் பக்கம் திரும்பி நின்றிருக்கிறார்.

"நேத்து இந்த வண்டிய ஓட்டும்போது நான் தூங்கிட்டேன். உங்க எல்லார் உசுரும் என் கையில இருந்துச்சு, நான் தூங்கிட்டேன். இன்னிக்குத் தூங்கிட்டுதான் வந்துகீறேன். எறங்கணும்னு நெனக்கிறவங்க எறங்கிக்கலாம். நான் கோச்சுக்க மாட்டேன்."

எட்டுப் பேர் இறங்கிவிட்டார்கள். ஒருவர் போனில் அவர் பேசியதைப் படம் பிடித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அது மேடத்தின் கைக்கும் போய்விட்டது, முதலாளியின் கைக்கும் போய்விட்டது.

விசாரணை எங்கள் தகரக் கூரை அலுவலகத்தில்தான் நடந்தது. மேடம், முதலாளி, அவர், நான். மேடம் நல்லவர். குரலை உயர்த்தவே இல்லை. டூட்டி சீட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"முந்தின நாள் நைட் உங்களுக்கு டூட்டி இல்லையே. வீட்டுலதானே இருந்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் என் தப்பு அவர் வாயிலிருந்து வரும். ஆமாம் என்றால் பொய். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ராத்திரி தூங்கல மேடம்" என்றார்.

"ஏன் தூங்கலை?"

"அத்த நான் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவங்க சொல்லுவாங்க."

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "குடிச்சியா? நீ குடிகாரன்தானே? நீயே ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சியே!"

"முன்னாடி குடிச்சேன். அன்னிக்குக் குடிக்கல."

"அப்போ காரணத்தைச் சொல்லுங்க" என்றார் மேடம். "காரணம் தெரிஞ்சாதான் நான் ஏதாவது பண்ண முடியும். உங்களுக்காகத்தான் கேக்கறேன்."

அவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எனக்கு அப்போது முப்பது வயது. ஒரு வயதுப் பையன் வீட்டில். வேலை போனால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை. இதெல்லாம் காரணம்தான், ஆனால் இவற்றைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"தெரியலை மேடம்" என்றேன்.

மேடம் எழுதிக்கொண்டார். ஓட்டுநரின் தனிப்பட்ட ஒழுங்கீனம், குடிப்பழக்கம் காரணமாக இருக்கலாம். அந்தத் தொழிற்சாலைக்கு ஓடும் எந்த வண்டியிலும் அவர் இனி ஏறக் கூடாது. வண்டிக்குச் சேதம் இல்லாததாலும், தப்பு தனி ஆளுடையது என்று ஆகிவிட்டதாலும், அது விபத்துக் கணக்கில் வரவில்லை. குறித்த நாளில் போர்டு இருநூறைத் தொட்டது. எல்லோருக்கும் குக்கர் கிடைத்தது. எனக்கும் ஒன்று. எங்கள் வீட்டில் இன்றும் பருப்பு அதில்தான் வேகிறது.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் அவர் அடையாள அட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன் சார். அதான் பேசாம நின்னேன், கொஞ்சம் டைம் ஆவட்டும்னு."

நான் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"பரவால்ல, வுடுங்க. குடின்னு எழுதிட்டாங்க, அது பொண்ணு வூட்டுக்குப் போவும். அவ மாமனாரு கிட்ட நான் குடிக்கலன்னு போய் சொல்லணும். எப்படி சொல்றதுன்னுதான் தெரியல. பண்ணத சொல்லித்தான் பழக்கம் சார். பண்ணாதத சொன்னதே இல்ல."

ரோட்டைக் கடந்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் சம்பந்தி அவர் சொன்னதை நம்பினாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியமும் எனக்கு வந்ததில்லை.

அவர் போன மறுநாள் காலை அவருடைய வண்டிக்கு ஆள் இல்லை. தென்பக்கத்து டிரைவர்களில் இரண்டு பேர்தான் திரும்பியிருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து போன் மேல் போன். எட்டு மணிக்கு ஏழுமலை நைட் டூட்டி முடித்துவிட்டு வந்து சாவியை மாட்டினான். கண்கள் செக்கச் சிவந்திருந்தன. நான் அவருடைய வண்டிச் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

அவன் சாவியை வாங்கவில்லை. என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். எப்போதும் இருக்கும் கேலி அவன் முகத்தில் இல்லை.

"சார், நானும் ராவெல்லாம் தூங்கல. சொல்லட்டா, வேணாமா?"

"ஒண்ணும் சொல்லாத" என்றேன். "ஏறு."